அந்தக் கல்ல மாத்த வேணாம் கண்ணு

கண்ணு,

நீ அனுப்புன 60,000 ரூபா பேங்க்ல ஏறிடிச்சி, மெசேஜ் வந்துது. அந்த கிரானைட் டிசைனும் பாத்தேன். கறுப்பு கல்லு, பளபளன்னு, நடுவுல லேசர்ல அப்பா போட்டோ, கீழ இங்கிலீஷ்ல பைபிள் வசனம். நல்லாத்தான் இருக்கு. அவ்வளோ தூரத்துல உக்காந்துகினு, நைட் டியூட்டி முடிச்சி வந்து தூங்காம இதெல்லாம் பாத்து பாத்து செலக்ட் பண்ணியிருக்க, அதனால போன்ல உடனே வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு வாரமா யோசிச்சிகினே இருக்கேன். போன்ல ஆரம்பிச்சா நடுவுல நான் அழுதுடுவேன், நீயும் அழுவ, சொல்ல வந்தது அங்கயே நின்னு போயிடும். அதான் எழுதறேன். பெருசா போகும் போல இருக்கு, லீவு நாள்ல பொறுமையா படி.

அந்தப் பழைய கல்ல மாத்த வேணாம் கண்ணு. அப்பா பேரை அதுலயே வெட்டிக்கலாம், எடம் இருக்கு. நான் அளந்து பாத்துட்டேன், கீழ ரெண்டு வரி எடம் இருக்கு. ரெண்டாவது வரி யாருக்குன்னு கேப்ப. அதச் சொல்லத்தான் இவ்வளோ தூரம் எழுத உக்காந்தேன், ஆனா நேரா அங்க போக முடியல, மொதல்லருந்து வரேன்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போயிட்டேன். 2ஆம் தேதி போனா கூட்டம், நிம்மதியா கழுவ முடியாது. ஒரு பக்கெட்டு தண்ணி, தேங்கா நார், ஒரு பழைய பல்லு தேய்க்கற பிரஷ், நாலு தொடப்பக்குச்சி எடுத்துகினு ஆட்டோல போனேன். பக்கத்து வீட்டு பையன் ஆசிட் ஊத்துங்க ஆயா ரெண்டே நிமிஷத்துல வெள்ளையாயிடும்னான், நான் ஒத்துக்கல, கருங்கல்லா இருந்தாலும் அது கல்லோட மேல்தோல தின்னுடும்னு அப்பா சொல்லுவாரு. கல்லு மேல அந்த சைனைடு மேட்டு தூசி, தங்கத்த பிரிச்சி எடுத்துட்டு கொட்டின மண்ணு, திட்டுத் திட்டா ஒட்டிகினு இருந்துது. நம்ம கோலார் தங்கவயல் மைன் மூடி இத்தன வருஷம் ஆச்சி, அந்த மேடு மட்டும் அப்படியே நிக்குது, மூணு கோடி டன்னுக்கு மேல மண்ணு, ஆடி காத்து அடிச்சா ஊரே வெளுத்துப் போவுதில்ல, அதே தூசிதான். எடுக்கப் போறோம், அதுலயும் மிச்சத் தங்கம் இருக்குன்னு 2024ல பேப்பர்ல போட்டாங்க, கர்நாடகா கேபினட் ஒத்துகினு இருக்குன்னு. எடுக்கட்டும். நான் எழுத்துக்குள்ள இருந்த தூசிய தொடப்பக்குச்சியால ஒவ்வொரு எழுத்தா நோண்டி எடுத்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சி. முட்டி புடிச்சிகிச்சி. ஆனா எடுத்து முடிச்சிட்டு தண்ணி ஊத்தினப்ப எழுத்தெல்லாம் கறுப்பா எழும்பி நின்னுது பாரு, நேத்து வெட்டின மாதிரி.

நீ சின்னதா இருக்கறப்ப அந்த கல்லுல வெரல வெச்சி, "அம்மா இது என்னா எழுத்து, தப்பா இருக்கு"ன்னு கேப்ப, ஞாபகம் இருக்கா? "நினைவாக"ன்னு போட்டிருக்கறதுல அந்த "னை", யானை தும்பிக்கைய தூக்கின மாதிரி மேல ஒரு வளைவோட இருக்கும். நீ படிச்ச புக்குல அப்படி இல்ல. அது பழைய எழுத்து கண்ணு. 1978ல தமிழ்நாட்டுல எழுத்த சீர் பண்ணாங்க, அதுக்கப்பறம்தான் இப்ப நீ எழுதற மாதிரி. கல்லு வெச்சது 1966. வெட்டினவருக்கு எடம் பத்தாம "நினை" ஒரு வரிலயும் "வாக" அடுத்த வரிலயும் உடைச்சி போட்டிருக்காரு. உன் அப்பாவுக்கு அது சின்ன வயசுல வெக்கமா இருக்குமாம், மத்தவங்க கல்லெல்லாம் ஒழுங்கா இருக்கு நம்மளது மட்டும் உடைஞ்சிருக்கேன்னு. அப்பறம் பெரியவரானதும் யாராவது அத சொன்னா கோவம் வரும் அவருக்கு.

ஏன்னா அந்தக் கல்லு காசு குடுத்து நாம வாங்குனது இல்ல. உன் தாத்தா, அப்பாவோட அப்பா, மைன்ல செத்தப்ப அவரு ஷிஃப்ட்டுக்காரங்க ஆளுக்கு ஒரு ரூபா போட்டு வெச்சது. 1966ல ஒரு ரூபான்னா என்னான்னு உன் ஆயா, என் மாமியாரு, சொல்லுவாங்க, வீட்டுக்கு ரெண்டு நாளைக்கு அரிசி.

தாத்தா எப்படி போனாருன்னு நீ அரைகுறையா கேட்டிருப்ப. சாம்பியன் ரீஃப் மைன்ல டிரில்லிங் ஆளு அவரு. அந்த மைன் கடைசியா 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம் போச்சி, உள்ள பாறைய தொட்டா கையி சுடும், ஐஸ் மாதிரி காத்து மேலருந்து அனுப்புவாங்க அப்பவும் வேர்த்து ஊத்தும்னு அப்பா சொல்லுவாரே. அவ்வளோ ஆழத்துல பாறை மேல ஏகப்பட்ட பாரம் கண்ணு, குடைஞ்சி எடுக்க எடுக்க சொவரு தாங்காது, தானா வெடிக்கும், மருந்தே வெக்காம. படிச்சவங்க ராக் பர்ஸ்ட்டுன்னுவாங்க, நம்ம மைன்காரங்க லைன் வீடுங்கள்ல ஏர் பிளாஸ்ட்டு. கீழ வெடிச்சா மேல வீட்டுல பாத்திரம் கடகடன்னு ஆடும். அந்த சத்தம் கேட்டா பொம்பளைங்க அடுப்புல என்னா இருக்குன்னு பாக்க மாட்டாங்க, கொழந்தைய இடுப்புல போட்டுகினு மைனுக்குள்ள எறங்கற ஷாஃப்ட்டு கிட்ட ஓடுவாங்க, மேல அந்த சக்கரம் எப்ப சுத்தும், ஆள ஏத்தி வர்ற கேஜ்ல யாரு வரப்போறாங்கன்னு அண்ணாந்து பாத்துகினு நிப்பாங்க. நானே ரெண்டு வாட்டி அப்படி ஓடியிருக்கேன், ரெண்டு வாட்டியும் உன் அப்பா நடந்து வந்தாரு. ஆயா ஓடின அன்னிக்கி தாத்தா நடந்து வரல. அன்னிக்கி அவங்க அடுப்புல கேவுருகூழு. பாத்திரத்தோட தீஞ்சி போச்சி, அந்த பாத்திரத்த ஆயா கடைசி வரைக்கும் தூக்கிப் போடல, நீ அதுல கோழிக்கு தீனி வெச்சிருக்க.

தாத்தாவுக்கு 41 வயசு. அப்பாவுக்கு 16. அதுக்கு முந்தின வருஷம்தான் பெரிய பெரிய விஞ்ஞானிங்க வந்து அதே சாம்பியன் ரீஃப்ல கீழ மிஷின் வெச்சி நியூட்ரினோன்னு கண்ணுக்கே தெரியாத ஒரு துகள பாத்தாங்க, ஒலகத்துலயே மொத மொதல்ல காத்துமண்டலத்துலருந்து வர்ற நியூட்ரினோவ பாத்தது தென் ஆப்பிரிக்காலயும் நம்ம ஊருலயும்தான். தாத்தா வீட்டுல வந்து, "ஆகாசத்துலருந்து வர்றத பாக்க பாதாளத்துல உக்காந்துருக்காங்க"ன்னு ஆச்சரியமா சொல்வாராம். ஆயா இத என்கிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்காங்கன்னு கணக்கே இல்ல, தாத்தா பேச்சுன்னு அவங்ககிட்ட மிச்சம் இருந்தது அவ்வளோதான்.

நீ இருக்கற அயர்லாந்துலருந்து வந்த ஒரு பட்டாளத்துக்காரருதான், லாவெல்னு பேரு, 1870கள்ல இங்க தோண்டறதுக்கு மொதல்ல மைசூர் சர்க்கார்கிட்ட லைசென்ஸ் வாங்கினாரு. பெங்களூரு லாவெல் ரோடு அவரு பேருலதான். அப்பறம் 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்துது, அவங்களுக்கு ஆளு வேணும், வட ஆற்காட்டுலருந்து நம்ம ஜனங்க கும்பல் கும்பலா வந்தாங்க, நிலம் இல்லாதவங்க, ஊருல ஒதுக்கி வெச்சவங்க. குடியாத்தம் பக்கத்துலருந்து தாத்தாவோட தாத்தா வந்தது அப்பதான். சிவசமுத்திரத்துலருந்து கம்பி இழுத்து 1902ல மைனுக்கு கரண்ட்டு குடுத்தாங்க, பெங்களூருக்கு வந்ததே அதுக்கு மூணு வருஷம் கழிச்சி. ஆனா நம்ம லைனுல தட்டி வீடுதான், மூங்கில் தட்டிய வெச்சி சொவரு, உள்ள மண்ணெண்ணெய் வெளக்கு. இத எதுக்கு சொல்றேன்னா, நம்ம குடும்பத்துல இத்தன தலைமொற பூமிக்குள்ள எறங்கி ஏறியிருக்கு, இத்தன பேரு செத்திருக்காங்க, எழுதி வெச்சதுன்னு இருக்கறது அந்த ஒரு கல்லு மட்டும்தான். வீட்டு பத்திரம் கூட இல்ல, வீடே கம்பெனி வீடு.

கல்லுல ரெண்டாவது பேரு சின்ன அத்தை. அப்பாவோட தங்கச்சி. தாத்தா போன மூணாவது வருஷம், தொண்டை அடைப்பான் வந்து நாலே நாள்ல போயிடிச்சி. ஆறு வயசு. நீ டிப்தீரியான்னு படிச்சிருப்ப, இப்ப தடுப்பூசி போடறதால ரொம்ப கொறைஞ்சிடிச்சி. அந்தப் பொண்ணுக்கு ஒரு போட்டோ கூட இல்ல கண்ணு. எப்படி இருக்கும்னு ஆயாவ கேட்டா, "உன் நாத்தனாரா, காது மட்டும் பெருசு"ன்னு சொல்லிட்டு முந்தானைய வாயில வெச்சிக்குவாங்க. நீ பொறந்தப்ப ஆயா மொதல்ல உன் காதத்தான் தடவிப் பாத்தாங்க.

நீ அனுப்புன டிசைன்ல அப்பா போட்டோ பெருசா இருக்கு, மத்தவங்க எல்லாம் கீழ சின்ன எழுத்துல வரிசையா இருக்காங்க. அப்பாவுக்கே அது புடிக்காது. அவரு அவங்க அப்பாவுக்கு மேல உக்கார மாட்டாரு, வீட்டுலயும் அந்த கட்டில்ல அவரு படுத்ததே இல்ல.

மூணாவது ஆயா. 1994. அத நீ பாத்த, பத்து வயசு உனக்கு. அதே குழிய தெறந்துதான் வெச்சோம், அந்த வரி மட்டும் புது எழுத்து, வேற கை வெட்டினது, கொஞ்சம் கோணலா ஏறிகினு போகும்.

அப்பா பேரு வெட்டாம தகரச் சிலுவைல பெயின்ட் அடிச்சி வெச்சிருக்கோமேன்னு நீ வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். 2009லருந்து இத்தன வருஷம் ஏன் வெட்டலன்னு நீ என்ன கேக்கல, நான்தான் காசு இல்ல காசு இல்லன்னு தள்ளிகினே வந்தேன். காசு ஒரு காரணம்தான், அது மட்டும் இல்ல. அத கடைசில சொல்றேன்.

அப்பாவுக்கு மைன் 2001 பிப்ரவரி 28ஓட முடிஞ்சிது. 51 வயசு. அன்னிக்கி கடைசி சங்கு ஊதினப்ப லைன்ல ஒருத்தரும் பேசல. அதுக்கப்பறம் எட்டு வருஷத்துல எத்தன நாளு அவரு காலைல இருட்டுல எழுந்து மாரிக்குப்பம் வண்டிய புடிச்சி பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்கி போயிருப்பாரு, 33 வருஷம் பூமிக்குள்ள இருந்த மனுஷன் ஏதோ ஒரு அப்பார்ட்மென்ட்டு கேட்டுல நின்னு காருக்கு சல்யூட் அடிச்சிகினு. உன் நர்சிங் காலேஜ் ஃபீஸ் அதுலருந்துதான். இருமல் அப்பவே இருந்துது. டிபின்னு ஒரு ஆறு மாசம் மாத்திர, அப்பறம் இன்னொரு ஆறு மாசம், கடைசிலதான் சிலிகோசிஸ்னு சொன்னாங்க. நீ அப்ப ட்ரெயினிங்ல இருந்த, எனக்கு படம் போட்டு விளக்கின, டிரில்லு போடறப்ப அந்தப் பாறைத் தூள் மாவு மாதிரி உள்ள போயி நுரையீரல்ல தழும்பு தழும்பா ஆயிடும், திரும்பி சரியாகாதுன்னு. கடைசி ஒரு வருஷம் படுத்து தூங்கல அவரு. தலகாணிய மடில வெச்சி அது மேல கவுந்து, உக்காந்தபடியே. நான் முதுக தேய்ச்சிகினே இருப்பேன், உள்ள கர கரன்னு மணல் அரைக்கற மாதிரி கையில தெரியும்.

அந்த ராத்திரிங்கள்ல ஒரு நாள்தான் அவரு அந்த பேச்ச எடுத்தாரு. முப்பது வருஷம் கழிச்சி. "அவன் பேரையும் வெட்டணும்மா"ன்னாரு.

உனக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் பொறந்தான் கண்ணு.

1979. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். ஏழு மாசத்துலயே வலி வந்துடிச்சி, ராத்திரில, மழை. பொறந்தப்ப அவன் என் கை நீளம் கூட இல்ல, மொழங்கைலருந்து வெரல் வரைக்கும்தான். தலைல முடி மட்டும் கறுப்பா நெறையா இருந்துது. அழுதான், பூனக்குட்டி மாதிரி. தாங்காதுன்னு தெரிஞ்சதும் அங்க இருந்த நர்ஸம்மா, அவங்களும் நம்ம கோயில்காரங்கதான், உள்ளங்கைல தண்ணி எடுத்து அவசர ஞானஸ்நானம் குடுத்தாங்க. என்ன பேருன்னு கேட்டாங்க. உன் அப்பா தாத்தா பேரச் சொன்னாரு.

மூணு நாள் இருந்தான்.

உனக்கு ஒண்ணு புரியணும். மாமனார் பேர வாயால சொல்லக் கூடாதுன்னு வளந்தவ நான். ஆயாவுக்கு அது புருஷன் பேரு, அவங்களும் சொல்ல மாட்டாங்க. பேங்க்ல கேட்டா கூட ஆயா பக்கத்துல இருக்கற புள்ளைங்கள பாத்து "நீ சொல்லு"ன்னுவாங்க. அதனால அந்த மூணு நாளும் வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்தும் அவன பேரு சொல்லி கூப்பிட்டது உன் அப்பா ஒருத்தருதான், அப்பறம் அந்த நர்ஸம்மா. நான் தம்பின்னேன், குட்டின்னேன், சாமின்னேன். அவன் பேர சொல்லி நான் ஒரு வாட்டி கூட கூப்பிடல. பழகிடும், பெரியவனானா சொல்லிக்கலாம், இல்லன்னா வீட்டுல கூப்பிட வேற பேரு வெச்சிக்கலாம்னு நெனச்சிகினு இருந்தேன்.

நாலாவது நாள் டிம்பர் வேலை செய்யற ஒருத்தரு பலகைல சின்னதா ஒரு பெட்டி அடிச்சி குடுத்தாரு. அப்பா தன்னோட வெள்ள வேட்டிய கிழிச்சி சுத்தி, அவரும் உன் பெரிய மாமாவும் மட்டும் போயி தாத்தா கல்லு ஓரத்துல வெச்சிட்டு வந்தாங்க. என்ன கூட்டிகினு போகல. பச்ச ஒடம்புக்காரி சுடுகாட்டுக்கு போகக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு அடுத்த நாளு பால் கட்டிகிச்சி. ஆயா ஒரு மொழம் ரெண்டு மொழம் இல்ல, ஒரு கூடை மல்லிப்பூ வாங்கியாந்து, மார்ல வெச்சி துணியால இறுக்கிக் கட்டினாங்க, பால் வத்தறதுக்கு. அந்தக் காலத்துல அதான் வைத்தியம். மூணு நாள் அந்த மல்லி வாசனையும் பால் வாசனையும் கலந்து, நான் சொவரு பாத்து படுத்திருந்தேன். நீ எத்தன வாட்டி கேட்டிருப்ப, ஏம்மா நீ மல்லியே வெக்கறதில்ல, கனகாம்பரம் மட்டும் வெக்கறன்னு. தலவலி வரும்னு சொல்லியிருக்கேன். உன் கல்யாணத்துல கூட மல்லி வெக்காம நின்னேன், உங்க மாமியாரு கூட ஒரு மாதிரி பாத்தாங்க. இதான் காரணம்.

பேர கல்லுல வெட்டணும்னு அப்பா அப்பவே கேட்டாரு. ஆயா விடல. பச்சப்புள்ள பேர கல்லுல ஏத்தினா அடுத்த வயித்த அது இழுக்கும்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல அவங்க, பயம். புருஷன், பொண்ணு, பேரன்னு அந்த பக்கமே போய்கினு இருந்தா யாருக்குத்தான் பயம் வராது. என்கிட்ட வந்து உக்காந்து, தலய தடவிட்டு, "மறந்துடு தாயி, வேற பொறக்கும்"ன்னாங்க. அதோட அந்தப் பேச்சு வீட்டுல நின்னு போச்சி. அஞ்சு வருஷம் கழிச்சி நீ வந்த. உன்கிட்ட யாரும் சொல்லல.

அப்பா மட்டும் ஒண்ணு பண்ணிகினே இருந்தாரு. நீதான் அத கண்டுபுடிச்ச. ஆறு ஏழு வயசு இருக்கும் உனக்கு, கல்லறைத் திருநாளுக்கு போயிருந்தோம், சாமியாரு தீர்த்தம் தெளிச்சிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு, நீ மெழுகுவத்திய எண்ணிட்டு, "நைனா, கல்லுல ரெண்டு பேருதான் இருக்கு, நீ மூணு வெச்சிட்ட"ன்ன. அவரு ஓரத்துல தனியா நட்ட அந்த மூணாவது வத்திய கையால காத்துக்கு மறைச்சிகினே, "காத்துல ஒண்ணு அணைஞ்சா பதிலுக்கு இருக்கட்டும்டா"ன்னாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கினேன். ஆயா போனதுக்கு அப்பறம் நாலு வெச்சாரு. ஒரு வருஷம் கூட கணக்கு தப்பல.

இப்ப ஏன் சொல்றன்னா, போன வருஷம் நீ ஆஸ்பத்திரிலருந்து எனக்கு போன் பண்ண இல்ல. நாலாவது மாசம். கலைஞ்சிடிச்சிம்மான்னு நீ சொன்னப்ப நான் என்னா சொன்னேன், "விடு கண்ணு, மறந்துடு, வேற பொறக்கும்"ன்னேன். சொல்லி முடிச்சி போன வெச்சதும் எனக்கு கையெல்லாம் நடுங்கிச்சி. அது என் வார்த்த இல்ல கண்ணு, 79ல ஆயா எனக்கு சொன்னது, அச்சு அசல் அதே வார்த்த, என் வாயிலருந்து தானா வந்துடிச்சி. நீ "சரிம்மா"ன்னுட்டு வெச்சிட்ட. அந்த "சரிம்மா" எனக்கு தெரியும், நானும் அப்படித்தான் தலய ஆட்டினேன். அதுக்கப்பறம் நீ அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல, கிரானைட்டு, டிசைன், போட்டோன்னு அப்பா கல்லறையப் பத்தியே பேசிகினு இருந்த. எனக்கு கொஞ்ச நாள் கழிச்சித்தான் புரிஞ்சிது.

நான் மறக்கல கண்ணு. 46 வருஷம் ஆச்சி, ஒரு நாளும் மறக்கல. இப்ப இருந்தா அவனுக்கு தலை நரைச்சிருக்கும். நீ மறக்கணும்னு இல்ல. யாராவது மறன்னு சொன்னா, நான் சொன்னதயும் சேத்து, கேக்காத. அழணும்னு தோணினா எனக்கு எந்த நேரம்னாலும் போன் பண்ணு, அங்க ராத்திரியா இங்க காலையான்னு பாக்காத. மாப்பிள்ளகிட்டயும் பேசு, ஆம்பளைங்களும் உள்ள வெச்சிகினு இருப்பாங்க, உன் அப்பா முப்பது வருஷம் ஒரு மெழுகுவத்தில வெச்சிகினு இருந்தாரு.

அப்பா கேட்டும் நான் ஏன் இத்தன வருஷம் வெட்டலன்னா, வெட்டறதுக்கு உன்கிட்ட சொல்லணும். உன்கிட்ட சொல்றதுக்கு எனக்கு தைரியம் இல்ல. அவரு பேர மட்டும் வெட்டி, அவரு கேட்டத வெட்டாம விட எனக்கு மனசு ஒப்பல. அதான் தகரச் சிலுவையோட நின்னுது. இதுக்கு அவருகிட்ட நான் தெனமும் மன்னிப்பு கேக்கறேன்.

நீ சொன்ன கல்லு கடைலருந்து அந்த பையன் வந்து அளவெடுத்தான், பழைய கல்ல என்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன், உடைச்சி புதுசுக்கு அடில பேஸ்மென்ட்டா போட்டுடுவோம்மான்னான். அவன் மேல தப்பு இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான் பண்றானாம். வேணாம்ப்பான்னு அனுப்பிட்டேன். அப்பறம் ஆண்டர்சன்பேட்டை பக்கத்துல கல்லு கொத்தறவரு ஒருத்தர விசாரிச்சி புடிச்சேன். அவங்க அப்பா நம்ம லைனுக்கு அம்மி கொத்த வருவாராம், குரல் குடுத்துகினே, எனக்கு அந்த குரல் நல்லா ஞாபகம் இருக்கு. கையிலயே உளி வெச்சி வெட்டறாரு, மிஷின் இல்ல. எழுத்துக்கு 50 ரூபா. கூட்டிகினு போயி காட்டினேன். கல்ல தட்டிப் பாத்துட்டு, நல்ல கல்லும்மா, இன்னும் நூறு வருஷம் நிக்கும், யாரு வெச்சதுன்னு கேட்டாரு. ஷிஃப்ட்டுக்காரங்கன்னேன்.

அப்பா பேர நான் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருந்தேன், குடுத்துட்டேன். அடுத்த வரிக்கு என்னாம்மா பேருன்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல. இந்த வயசுலயும் வரல. மொத வரில தாத்தா பேரு மேல வெரல வெச்சி, இதேதான்ப்பா, இந்தப் பேருதான், கீழயும் இதயே வெட்டுன்னேன். அவரு கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு, இந்தப் பேருல வர்ற "னை"யும் பழைய மாதிரி தும்பிக்கையோட இருக்கேம்மா, இப்ப எழுதற மாதிரி போடட்டுமான்னாரு. வேணாம், மேல இருக்கறது எப்படி இருக்கோ அப்படியேன்னு சொல்லிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மறுநாள் 2ஆம் தேதி கோயில் ஜனங்களோட திரும்பவும் போனேன். சாமந்தி மாலை, ஊதுபத்தி, தாத்தாவுக்கு வெத்தல பாக்கு, அப்பாவுக்கு அவருக்கு புடிச்ச கடலமுட்டாய். தாத்தாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு, ஆயாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, ஓரத்துல தம்பிக்கு ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு சின்னதா. ஆறு வத்தி வெச்சேன் கண்ணு. காத்து அதிகமாத்தான் இருந்துது, முந்தானையால மறைச்சிகினு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

சனிக்கிழம காலைல கல்லு கொத்தறவரு வர்றாரு. ரெண்டு வரிக்கும் சேத்து 3,000 ரூபாக்குள்ளதான் ஆகும், மிச்ச பணத்த நான் தொடல, அப்படியே இருக்கு. நீ வேணாம்னா அதுக்குள்ள சொல்லு, நிறுத்திடறேன். வெட்டி முடிச்சதும் போட்டோ எடுத்து அனுப்பறேன், பக்கத்து வீட்டு பையன கூட்டிகினு போறேன், எனக்கு கிட்டத்துல எடுத்தா கை ஆடுது.

ஒழுங்கா சாப்புடு. குளிருல காத மூடிக்கோ.

அம்மா